பால்பாண்டியின் மைத்துனன்

பரளச்சி வழி
24-8-1972

தம்பி ரத்தினத்துக்கு அக்கா கருத்தம்மாள் எழுதுவது.

சுகமா என்று கேட்கவில்லை. கேட்டால் நீயும் திருப்பிக் கேட்பாய், அதற்கு எழுத என்னிடம் பதில் இல்லை.

செவ்வாய்க்கிழமை மதுரைக் கோர்ட்டில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். சீனிச்சாமிக்கு விடுதலை. அவனோடு சேர்ந்து வெட்டியவர்களுக்கும் விடுதலை. பார்த்த சாட்சி முத்துப்பேச்சி கூண்டில் ஏறி, "எனக்குக் கண்ணு மங்கலுய்யா, ஆரு வெட்டுனான்னு தெரியல" என்று சொல்லிவிட்டாள். உன் மச்சான் கிணற்றடியில் விழுந்தபோது பக்கத்தில் குடத்தோடு நின்றவள் அவள். ரத்தம் குடத்தில் தெறித்தது. குடத்தைக் கழுவி எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாள். கழுவத் தெரிந்த கண்ணுக்கு ஆள் தெரியவில்லையாம்.

கண்மாய் வற்றி, நம்ம தெருக் கிணறு உப்பேறிப் போன கோடை. அரசாங்கம் தோண்டிக் கொடுத்த ஊர்க்கிணறு. அதில் ஒரு வாளி இறக்கினார் என் புருஷன். அதற்காக வெட்டினார்கள். ஊர் பூராவும் பார்த்தது. கோர்ட்டுக்கு மட்டும் தெரியவில்லை.

தீர்ப்பு வந்த அன்று சீனிச்சாமியை மாலை போட்டுக் கூட்டி வந்தார்கள். மேலத்தெருவுக்குப் போகிறவன் நம்ம தெரு வழியாக வர வேண்டியதே இல்லை. வந்தான். என் வாசலில் நின்று வெடி போடச் சொன்னான். புகை அடங்குகிற வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நீ பட்டாளத்தில் துப்பாக்கி பிடித்தவன். சண்டையில் கால் விரல் போய் வெளியே வந்து எத்தனை மாதமாகிறது? ஊருக்கு வராமல் லூதியானாவில் தாடிக்காரர்களோடு உனக்கு என்ன வேலை? மச்சான் சாவுக்குத்தான் லீவு கிடைக்கவில்லை. இப்போது யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்?

வந்து செய்ய வேண்டியதைச் செய்.

கருத்தம்மாள்


லூதியானா
14-9-1972

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. என்னோடு ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவன் குர்தயால் சிங். அவனும் பட்டாளத்தான், அவனும் காயம் பட்டு வெளியே வந்தவன். அவன்தான் என்னை இந்த லாரிப் பட்டறையில் சேர்த்துவிட்டான். "என்ன ஆச்சு?" என்று கேட்டான். சொன்னேன். சாயங்காலம் குருத்வாராவுக்குக் கூட்டிப் போனான்.

குருத்வாரா என்பது இவர்கள் கோயில். தலையை மூடி, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போக வேண்டும். சிலை கிடையாது. ஒரு பெரிய புத்தகம் இருக்கிறது. பத்து குருமார் இருந்தார்களாம். பத்தாவது குரு, தனக்குப் பிறகு ஆள் யாரும் குரு இல்லை, இந்த நூல்தான் குரு என்று சொல்லிப் போனாராம். அதனால் உயிருள்ள பெரியவரைப் போல அதற்கு விசிறி வீசுகிறார்கள், ராத்திரியானால் தலையில் சுமந்து போய்ப் படுக்க வைக்கிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. அன்று முதல் தடவையாகப் போனபோது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். பழக்கம். சீனிச்சாமியின் களத்தை நான் தாண்டும்போதெல்லாம் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதானே பதினெட்டு வயது வரை நடந்தேன்? ஒரு ஆள் வந்து என் கையிலிருந்து செருப்பை வாங்கினார். தன் துண்டால் தூசி துடைத்து மாடத்தில் வைத்தார். அந்த ஆளுக்கு ஊரில் பெரிய நிலபுலன் என்று குர்தயால் பிறகு சொன்னான். வருகிறவர்கள் செருப்பைத் துடைப்பது இங்கே சேவை. யாரும் யாரையும் செய்யச் சொல்வதில்லை.

அதன் பிறகு லங்கர். பொதுச் சமையல், பொதுப் பந்தி. தரையில் ஒரே வரிசை. பருப்பும் ரொட்டியும் போட்டார்கள். எந்த ஊர், எந்தத் தெரு என்று யாராவது கேட்பார்கள் என்று காத்துக்கொண்டே இருந்தேன். "இன்னொரு ரொட்டி?" என்று மட்டும்தான் கேட்டார்கள். எனக்கு உள்ளே இறங்கவில்லை அக்கா. ஒரு வாளி தண்ணீருக்காக அங்கே ஒரு மனிதனை வெட்டியிருக்கிறார்கள், இங்கே நான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. வந்தால் வெட்டிவிடுவேன் என்று தெரியும். அதற்குப் பயந்துதான் வராமல் இருக்கிறேன்.

ரத்தினம்


பரளச்சி வழி
2-10-1972

தம்பிக்கு,

செருப்பைத் துடைத்தவன், நீ எந்தத் தெருக்காரன் என்று தெரிந்து துடைத்தானா, தெரியாமல் துடைத்தானா? அதைக் கேட்டு எழுது.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். சீனிச்சாமி புதுசாக புல்லட் வாங்கியிருக்கிறான். தினமும் அதில் பஸ் ரோட்டுக்குப் போகிறான். என்னைக் கண்டால் வண்டியை மெதுவாக்கி, "என்ன கருத்தம்மா, தண்ணி கெடைக்குதா?" என்று கேட்கிறான். ஒவ்வொரு நாளும். நான் பதில் சொல்வதில்லை. அவன் சாகிற அன்றைக்குச் சொல்ல ஒரு பதில் வைத்திருக்கிறேன்.

எல்லாரும் என்னை அருப்புக்கோட்டைக்குப் போய் மில் வேலை பார்க்கச் சொல்கிறார்கள். போகமாட்டேன். நான் போய்விட்டால் யாரைப் பார்த்து அவனுக்கு உறுத்தும்? அவனுக்கு உறுத்தல் இல்லை என்றாலும் நான் அவன் கண்ணில் படுவேன்.

வீரசோழன் சந்தையில் துணி விற்கிற பாய் வடக்கே போய் வந்தவர். உன் தாடிக்காரர்கள் எல்லாரும் இடுப்பில் கத்தி வைத்திருப்பார்கள் என்றார். சாமிக்கு நேர்ந்து வைத்திருப்பதாம், போலீஸ்கூடக் கேட்காதாம். நிஜமா? பந்தி, ரொட்டி என்று பக்கம் பக்கமாக எழுதிய நீ அதை ஏன் எழுதவில்லை?

எனக்கு அந்தச் சாமியைப் பிடித்திருக்கிறது. நம்ம சாமி கையில் அருவாள் இருக்கும், நம்ம கையில் இருக்காது. அந்தச் சாமி மனுஷன் கையிலேயே கொடுத்திருக்கிறது.

கருத்தம்மாள்


லூதியானா
5-11-1972

அன்புள்ள அக்காவுக்கு,

நிஜம்தான். முழுச் சீக்கியனாக ஆனவனிடம் ஐந்து பொருள் இருக்க வேண்டும். வெட்டாத முடி, அதைச் சீவ மரச்சீப்பு, கையில் இரும்பு வளையல், முழங்காலுக்கு மேலே நிற்கும் உள்ளாடை, ஐந்தாவது கிர்பான். கிர்பான் என்றால் நீ கேட்ட கத்தி.

உன் கடிதத்தைக் குர்தயாலுக்கு மாற்றிச் சொன்னேன். அவனுக்கு முகம் மாறிவிட்டது. "இது உன் கோபத்துக்கு இல்லை. எவனையாவது எவனாவது அடிக்கும்போது நடுவில் போய் நிற்பதற்கு. அதுவும் வேறு வழியெல்லாம் அடைபட்ட பிறகு" என்றான்.

"கோர்ட் அடைபட்டுப் போச்சு, போலீஸ் அடைபட்டுப் போச்சு, சாட்சியும் வாயை அடைச்சுக்கிட்டா. இன்னும் எந்த வழி பாக்கி?" என்று நான் கேட்டேன்.

"உன் மச்சானை வெட்டின நேரத்தில் நீ அங்கே இருந்திருந்தால் அது கிர்பான். இப்போது போனால் வெறும் கத்தி" என்றான். நான் எழுந்து போய்விட்டேன். பதில் பிடிக்கவில்லை.

நீ கேட்டதற்கும் பதில் எழுதுகிறேன். மறைத்து எழுத மனசில்லை. செருப்பைத் துடைத்தவருக்கு நான் யார் என்று தெரியாது. குர்தயால் ஊரிலும் நிலம் வைத்திருப்பவர்கள் வேறு, குர்தயால் வீட்டார் வேறு. அவன் தாத்தாவைத் தனிச் சுடுகாட்டில்தான் எரித்தார்கள். குருமார் ஒழித்ததை இவர்கள் கொல்லை வழியாகத் திரும்பக் கூட்டி வந்துவிட்டார்கள் என்று அவனே காறித் துப்புவான். ஆனால் பந்தியில் அவனை எழுப்ப எவனாலும் முடியாது. எழுப்பினால் அவன் குருவின் பெயரைச் சொல்லிச் சண்டைக்கு நிற்பான். நாம் யார் பெயரைச் சொல்லி நின்றோம்?

ரத்தினம்


பரளச்சி வழி
1-12-1972

ரத்தினத்துக்கு,

அங்கேயும் தனிச் சுடுகாடுதானா? அதற்கா இவ்வளவு தூரம் போய் உட்கார்ந்திருக்கிறாய்? தனிச் சுடுகாடு வேண்டுமென்றால் இங்கேயே இருக்கிறதே. உன் மச்சான் அங்கேதான் கிடக்கிறார்.

வெறும் கத்தியாம், கிர்பானாம். செத்தவரைப் பிழைக்க வைக்கிற கத்தி உன்னிடம் இல்லை, எனக்குத் தெரியும். வெட்டினவனைச் சாகடிக்க எந்தக் கத்தியும் போதும்.

உன்னை வளர்த்தவர் அவர். பட்டாளத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, உன்னை மதுரை வரைக்கும் கூட்டிப் போய், ரயிலடியில் நின்று, "என் மச்சினன் செருப்புப் போட்டுக்கிட்டு நடக்கப் போறான்" என்று கண்டவரிடமெல்லாம் சொன்னவர். நீ செருப்பைத் துடைக்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாய்.

இனி எனக்குக் கடிதம் போடாதே. போட்டாலும் படிக்கமாட்டேன்.

கருத்தம்மாள்


லூதியானா
20-4-1975

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாளாக நான் போட்ட எதற்கும் பதில் இல்லை. இதையும் பிரிக்கமாட்டாயோ என்னவோ. எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன வாரம் வைசாகிப் பண்டிகை. நான் அமிர்தம் குடித்து முழுச் சீக்கியனாகிவிட்டேன். இனி என் பெயர் ரத்தன் சிங். நீ திட்டுவதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்டுக்கொள்.

பத்தாவது குரு ஒரு வைசாகி நாளில் பெருங்கூட்டத்துக்கு முன்னால் வாளோடு நின்று, தலை கொடுக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டாராம். ஒவ்வொருவராக ஐந்து பேர் எழுந்தார்கள். அதில் ஒருவர் முடி வெட்டுகிறவர், ஒருவர் தண்ணீர் சுமக்கிறவர். அந்த ஐந்து பேருக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து அமிர்தம் கொடுத்துவிட்டு, பிறகு குருவே அவர்கள் முன்னால் மண்டியிட்டு, அவர்கள் கையால் வாங்கிக் குடித்தாராம்.

அதே மாதிரிதான் எங்களுக்கும். இரும்புப் பாத்திரத்தில் தண்ணீர். அதில் சர்க்கரை மிட்டாய் போட்டு, ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து, பாடம் சொல்லிக்கொண்டே இருபுறமும் கூரான வாளால் கலக்கினார்கள். உள்ளங்கையில் ஊற்றினார்கள், குடித்தேன். கண்ணில் தெளித்தார்கள். மிச்சம் இருந்ததைப் பாத்திரத்தோடு வரிசையில் கொடுத்தார்கள். ஒருவர் வாய் வைத்த இடத்திலேயே அடுத்தவர் வாய் வைத்துக் குடித்தோம். எனக்கு முன்னால் குடித்தவர் பெரிய பண்ணையார். எனக்குப் பின்னால் குடித்தவர் தெருக் கூட்டுகிறவர். அந்தத் தண்ணீர் என்னிடம் வந்தபோது மச்சான் முகம்தான் தெரிந்தது. அழுதுவிட்டேன். பக்தியில் அழுகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

காலையில் சொல்கிற பாடத்தின் தொடக்கத்திலேயே, கடவுளுக்குப் பயமும் இல்லை பகையும் இல்லை என்று வருகிறது. அப்படி ஆக வேண்டும் என்பதற்காகத்தான் தினமும் சொல்கிறோம். எனக்குப் பயம் போய்விட்டது அக்கா. பகை போகவில்லை. இதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. உனக்குத்தான் சொல்கிறேன்.

ரத்தன் சிங்


பரளச்சி வழி
11-5-1975

தம்பிக்கு,

பிரித்தேன்.

சிங் என்றால் சிங்கமாம், பாய் சொன்னார். சிங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்து ரொட்டி தின்றால் போதுமா?

ஆனால் கடைசியில் எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பயம் போய்விட்டது, பகை இருக்கிறது என்கிறாய். உன் சாமி முக்கால் வேலை முடித்துவிட்டது. மிச்சக் கால் வேலையை அது செய்வதற்குள் ஊருக்கு வந்து சேர்.

கருத்தம்மாள்


லூதியானா
8-2-1976

அன்புள்ள அக்காவுக்கு,

இப்போது நான் லாரி ஓட்டுகிறேன். எல்லா மாநிலத்துக்கும் போகிற பெர்மிட் எங்கள் வண்டிக்குக் கிடைத்திருக்கிறது. மார்ச் நடுவில் விருதுநகருக்கு லோடு. திரும்பும்போது மிளகாய் வற்றல் ஏற்ற வேண்டும். அந்தப் பக்கத்துக் களங்களுக்குத் தரகரே கூட்டிப் போவாராம்.

சீனிச்சாமி இன்னமும் வற்றல் போடுகிறானா?

ரத்தன் சிங்


பரளச்சி வழி
19-2-1976

தம்பிக்கு,

போடுகிறான். இந்த வருஷம் அவன் களத்தில்தான் குவியல் பெரிது. விருதுநகர்த் தரகர் அவனிடம்தான் வருவார். மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போய்விடுவார்கள், அவன் மட்டும் களத்தில் இருப்பான். அவன் உன்னைப் பதினெட்டு வயதில் பார்த்தது. தாடியும் தலைப்பாகையுமாக வந்தால் அடையாளம் தெரியாது.

வா. நான் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுது.

கருத்தம்மாள்


லூதியானா
1-3-1976

அக்காவுக்கு,

பங்குனி முதல் செவ்வாய்க்கிழமை வருவேன். அன்றைக்கு நீ ஊரில் இருக்காதே. காலையிலேயே அருப்புக்கோட்டைக்குப் போய் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்க உட்கார்ந்திரு. போலீஸ் கேட்டால் நீ அங்கே இருந்தாய் என்று சொல்ல ஆள் வேண்டும்.

இந்தக் கடிதத்தை எரித்துவிடு.


நாக்பூர்
21-3-1976

அன்புள்ள அக்காவுக்கு,

இதற்குள் உனக்குச் செய்தி வந்திருக்கும். பாதிச் செய்தியாக வந்திருக்கும். முழுவதையும் நான் சொல்லிவிடுகிறேன்.

தரகர் என்னைக் களத்துக்குக் கூட்டிப் போனார். எனக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்திருந்தார். சீனிச்சாமிக்கு இப்போது தொந்தி போட்டுவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க சர்தார்ஜி, வாங்க" என்று கயிற்றுக் கட்டிலைத் தானே தூக்கிப் போட்டான். நான் உட்கார்ந்தேன். அவன் நின்றான்.

"என்ன ஆளுகய்யா இவுக?" என்று தரகரைக் கேட்டான்.

"சிங்கு. அவுகளுக்குள்ள சாதி கெடையாதுங்காக. ஆனா ஆளப் பாத்தா ராசா கணக்காத்தான் இருக்காக."

"ஆமாமா. பாத்தாலே தெரியுதே, நல்ல குடும்பத்து ஆளுன்னு."

பீடி நீட்டினான். நாங்கள் புகையிலை தொடுவதில்லை, கையைக் காட்டி மறுத்தேன். அவனுக்கு மத்தியானச் சோறு எடுத்து வந்திருந்த சம்சாரம் சந்தனம்மாள் பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். அவனே வாங்கி என் கையில் கொடுத்தான். நான் வாய் வைத்துக் குடித்தேன். "வடக்க அப்படித்தான் குடிப்பாக" என்று தரகர் சமாளித்தார். "குடிக்கட்டும்யா, குடிக்கட்டும். நம்ம வீட்டுச் சொம்புதான்" என்று சிரித்தான்.

"தண்ணி இனிக்குதே, எந்தக் கெணறு?" என்றார் தரகர்.

"ஊர்க்கெணறு. முன்ன கீழத்தெரு நாயி ஒண்ணு அதுல வாளியப் போட்டுச்சு. அன்னையோட அந்தத் தெருவுக்கே தாகம் அடங்கிப் போச்சு."

அக்கா, அதுவரைக்கும் நான் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கு முடிவு இல்லை. அதைக் கேட்டதும் முடிவாகிவிட்டது. எழுந்தேன். நம்ம தெருத் தமிழில் சொன்னேன்.

"அந்த நாயிக்குப் பேரு பால்பாண்டி. நான் அவுக மச்சினன் ரத்தினம்."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் சொம்பைப் பார்த்தான். அதற்கு அப்புறம்தான் என் இடுப்பைப் பார்த்தான். கொட்டகைக் கூரையில் செருகியிருந்த அருவாளுக்குப் பாய்ந்தான். மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன், அருவாள் கீழே விழுந்தது. கிர்பான் என் கைக்கு வந்துவிட்டது. பின்னுக்கு நகர்ந்தவன் கால் தடுக்கி வற்றல் குவியலில் மல்லாந்து விழுந்தான். குவியல் சரிந்து முகத்தில் கொட்டியது. நெடி எழுந்தது. தரகர் ஓடிவிட்டார்.

கத்தியோடு அவன் மேல் நின்றேன். அவன் கண்ணைத் திறக்க முடியாமல் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டு, "தண்ணி, தண்ணி, ஏ சந்தனம் தண்ணி" என்று கத்தினான். அவள் கொட்டகை வாசலை விட்டு அசையவில்லை.

கட்டில் மேல் சொம்பு இருந்தது. நான் குடித்த மிச்சம். அதை எடுத்து அவன் கண்ணில் ஊற்றினேன்.

போர்க்களத்தில் எதிரிக்கும் தண்ணீர் கொடுத்த ஒரு சீக்கியரைப் பற்றிக் குர்தயால் சொல்லியிருக்கிறான். நான் அவர் இல்லை. இரக்கத்தில் ஊற்றினேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வெட்டுகிறவன் யார் என்று அவன் பார்க்க வேண்டும் என்றுதான் ஊற்றினேன். பார்த்தான். என் எச்சில் தண்ணீர் அவன் வாயிலும் வழிந்தது. துப்பக்கூட அவனுக்குத் தைரியம் வரவில்லை. அவனை அப்படிப் பார்த்த பிறகு வெட்டத் தோன்றவில்லை. ஏன் என்று கேட்காதே.

கத்தியை உறையில் போட்டுவிட்டு, "வாரேன்" என்று சொன்னேன். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மேலத்தெரு ஆட்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அருப்புக்கோட்டையில் நிறுத்தி உன்னைப் பார்க்க முடியவில்லை.

ரத்தன் சிங்


பரளச்சி வழி
30-3-1976

ரத்தினத்துக்கு,

காலையிலிருந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. செய்தி வந்த பிறகு குடிக்கலாம் என்று இருந்தேன். கடைசி பஸ்ஸில் நம்ம தெரு இருளாண்டி வந்து இறங்கினான். "என்னலே ஆச்சு?" என்றேன். "ஒந்தம்பி சீனிச்சாமி வீட்டுச் சொம்புல தண்ணி குடிச்சிட்டு, அவனுக்கும் ஊத்திட்டுப் போயிட்டாருக்கா" என்றான்.

தண்ணீர் ஊற்றினாயா? உன் மச்சான் விழுந்து கிடந்தபோது அவர் வாயில் ஒரு சொட்டு விட எவனாவது வந்தானா? நான் ஓடிப் போய்ச் சேருவதற்குள் நாக்கு காய்ந்து போயிருந்தது.

கத்தி கையில் இருந்தது. அவன் காலடியில் கிடந்தான். இதற்கு மேல் ஒரு சாமி என்ன கொடுக்கும்?

கருத்தம்மாள்


பரளச்சி வழி
17-6-1976

தம்பிக்கு,

நீ பதில் போடவில்லை. கோபம் இருக்கும். எனக்கும்தான் இருந்தது. ஆனால் இங்கே நடப்பதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சீனிச்சாமி புல்லட்டைத் தொடுவதில்லை. களத்துக்குப் போவதில்லை. வற்றலை மற்றவர்கள்தான் அள்ளி விற்றார்கள். சந்தனம்மாள் எங்கே போனாலும் பின்னாலேயே போகிறானாம். நீ போகும்போது "வாரேன்" என்றாயாமே. போகிறவர்கள் எல்லாரும் சொல்கிற சொல்தான். அவனுக்கு அது அப்படிக் கேட்கவில்லை. "திரும்ப வாரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறான். மேலத்தெரு இளவட்டங்கள் முதலில் காவல் இருந்தார்கள். இப்போது சலித்துப் போய்ச் சிரிக்கிறார்கள். எச்சில் தண்ணீர் குடித்தவன் என்று அவன் பங்காளிகளே பந்தியில் அவனைத் தள்ளி உட்கார வைக்கிறார்கள்.

போன வாரம் நானும் நம்ம தெருப் பெண்களும் குடத்தோடு ஊர்க்கிணற்றுக்குப் போனோம். முத்துப்பேச்சி நின்றாள். எங்களைப் பார்த்ததும் தன் கயிற்றை எடுத்து நகர்ந்து நின்றாள். எவனும் வரவில்லை. சீனிச்சாமி வீட்டுக் கதவு மட்டும் சாத்திக்கொண்டது.

வெட்டியிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். நீ தெரியாமல் செய்தாயோ தெரிந்து செய்தாயோ, நல்ல வேலை செய்திருக்கிறாய்.

கருத்தம்மாள்


லூதியானா
10-7-1976

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் இல்லை. உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் எனக்குப் பிடிக்கவில்லை.

குர்தயாலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு அமிர்தம் கொடுத்த ஐந்து பேர் முன்னாலும் போய் நின்று சொன்னேன். கோபத்தில் கிர்பானை எடுத்தது தவறு என்று சொல்லி, ஒரு மாதம் பாத்திரம் கழுவவும் செருப்பு துடைக்கவும் தண்டனை கொடுத்தார்கள். நேற்றோடு முடிந்தது. துடைக்கும்போது நிறைய யோசித்தேன். யார் செருப்பு என்று பார்த்துத் துடைக்கிற வேலை இல்லை அது.

நான் திரும்ப வரப் போவதில்லை. ஊர்ப் பழக்கத்தில் வாயில் வந்த சொல் அது. சீனிச்சாமிக்குச் சொல்லி அனுப்பு. என் தம்பி வரமாட்டான் என்று ஒரு வார்த்தை. அவனுக்காகக் கேட்கவில்லை. தினமும் காலையில் பகையில்லாதவன் என்று வாயால் சொல்கிறேன். அங்கே என் பெயரைச் சொல்லி ஒருவன் நடுங்கிக்கொண்டிருந்தால் நான் சொல்வது பொய்யாகிவிடுகிறது.

உன் தம்பி
ரத்தன் சிங்


பரளச்சி வழி
2-8-1976

தம்பி ரத்தன் சிங்குக்கு,

உன் புதுப்பெயரை முதல் தடவையாக எழுதுகிறேன். கை வழங்கவில்லை. பழகிக்கொள்கிறேன்.

நீ கேட்டதைச் சொல்லி அனுப்ப வேண்டிய வேலை இல்லாமல் போய்விட்டது. சீனிச்சாமி அவனாகவே நம்ம தெருவுக்கு வந்தான். பட்டப்பகலில், நடந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. சந்தனம்மாள் கூட வந்தாள். மாலையும் வெடியுமாக நின்றானே, அதே வாசலில் நின்றான். ஆள் பாதியாகிவிட்டான். தெரு பூராவும் கூடிவிட்டது.

"தாயி, ஒந்தம்பி எப்ப வாராராம்?" என்றான்.

நான் முறத்தை வைத்துவிட்டு எழுந்தேன். உன் கடிதம் வீட்டுக்குள் பானைக்குப் பக்கத்தில் இருந்தது. நீ சொன்ன அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பொய் சொல்லவில்லை தம்பி, வந்தது.

சந்தனம்மாள் என் கையைப் பிடித்தாள். "இவுக சோறு திங்க மாட்டேங்காக. வரமாட்டாருன்னு ஒரு சொல்லு சொல்லும்மா. ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள்.

உன் மச்சான் விழுந்த அன்றைக்கு அவளும் மேலத்தெருவில் நின்று பார்த்தவள்தான். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

"எந்தம்பி ஒருத்தன் இல்ல. ஒரே பாத்திரத்துல தண்ணி குடிச்சவுக நாடு பூராம் இருக்காக. எல்லாரும் லாரி ஓட்டுறாக. இதுல எவுக வருவாக, எப்ப வருவாகன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

அவன் அப்படியே என் வாசலில் உட்கார்ந்துவிட்டான். ரொம்ப நேரம் கழித்து சந்தனம்மாள் தூக்கிக் கூட்டிப் போனாள்.

நீ பகையை விட்டுவிடு. உன் சாமி கேட்கிறது, கொடுத்துவிடு. நீ வாயால் சொல்வது பொய்யாக வேண்டாம். நான் எந்தப் பாத்திரத்திலும் குடிக்கவில்லை, எந்தப் பாடமும் சொல்லவில்லை. உன் பங்கையும் சேர்த்து நானே வைத்துக்கொள்கிறேன்.

இன்று காலை பரளச்சி ரோட்டில் ஏதோ ஒரு லாரி ஆரன் அடித்துக்கொண்டு போனது. சீனிச்சாமி வேட்டி அவிழ ஓடிப் போய் வைக்கோல் படப்புக்குப் பின்னால் ஒளிந்தான். களை எடுத்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து நின்று பார்த்தேன். லாரிச் சத்தம் போய் எவ்வளவோ நேரம் ஆகியும் அவன் வெளியே வரவில்லை. நான் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போதும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அக்கா
கருத்தம்மாள்